பத்து ஆம்பியர்

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்தான்
என் கடைக்கு ஆள் வரும்.
சரக்கு ரயில் போய்த் தொலைய இருபது நிமிஷம்.
அதற்குள் யாருக்காவது
ஹாரன் அடிக்காதது ஞாபகம் வந்துவிடும்.

அன்றைக்கு வந்தது ஒரு வீடு.
ஏலத்தில் எடுத்த பள்ளிக்கூட பஸ்.
வெள்ளை அடித்தும்
கதவோரம் மஞ்சள் எட்டிப் பார்த்தது.
உள்ளே கட்டில், அடுப்பு, கொசுவலை,
போன வருஷத்து சர்ச் காலண்டர்.
பின்னால், இரும்புத் தண்டில் மாட்டி,
ஒரு சிவப்பு ஆல்டோ.

தேவசகாயம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
இறங்கும்போதே ஆரம்பித்தார்:
"தூத்துக்குடி வரிக்கும் போய்ட்டு வந்தோம்பா.
எங்க நிறுத்தினாலும் காரு செத்துப்போய்க் கீது.
பஸ்லருந்து ஒயர் குடுத்து எழுப்பிக்கிறேன்.
இவங்கதான் ஒத்துக்க மாட்டன்றாங்க."

இவங்க என்றது ஹெப்சிபாவை.
அவர் ஏற்கெனவே பானெட்டைத் தூக்கி
கம்பி கொடுத்து நிறுத்தியிருந்தார்.

மீட்டர் வைத்தேன். ஒன்பது புள்ளி இரண்டு.
வியாதி சுலபம்.
இழுத்துப் போகும் காரில் ஸ்டீயரிங் பூட்டக் கூடாது,
வளைவில் டயர் தரையைப் பிறாண்டும்.
அதனால் சாவி ஒரு படி திரும்பியே இருக்கும்.
அந்த ஒரு படிக்கே
உள்ளே என்னென்னவோ கண் விழித்து
சொட்டுச் சொட்டாய்க் குடிக்கும்,
மதுரை தாண்டுவதற்குள் காலி.
பூட்டினால் திரும்பாது.
திறந்துவிட்டால் தீர்ந்துபோகும்.

"டைனமோலருந்து நேரா ஒரு ஒயர் இழுத்துடு."
இழுக்கலாம் சார். எரியும்.
பஸ்ஸுக்கு இருபத்து நாலு வோல்ட், காருக்குப் பன்னிரண்டு.
நடுவில் கன்வெர்ட்டர் வேண்டும்.
விலையைக் கேட்டுவிட்டு
டீக்கடைப் பக்கம் போனார்.

அப்போதுதான் அவர் மனைவி பக்கத்தில் வந்தார்.
"ராத்திரி இவரு ஃபேன் போட்டுட்டுப் படுப்பாரு.
பஸ் பேட்டரி இறங்கிச்சுன்னா
என் காருலருந்து உறிஞ்சுமா?"

"டயோடு போட்டா உறிஞ்சாது மேடம்.
இங்கருந்து அங்க போகும். திரும்ப வராது."

"போட்டுடுங்க.
இந்த பஸ்ஸுல ஏறவே நான் சம்மதிச்சது
பின்னாடி என் காரு வருதுன்னுதான். எப்ப வேணும்னாலும்"

மீதியை ரயில் அடித்துக்கொண்டு போனது.
எண்ணெய் டேங்கர்கள், ஒன்றை ஒன்று இழுத்து,
கடைசி வண்டி வரைக்கும்.
அவர் திரும்பச் சொல்லவில்லை.

மாலைவரை பஸ்ஸுக்கு அடியில் கிடந்தேன்.
தடித்த ஒயர், பைப்புக்குள் விட்டு, சேஸிஸ் ஓரமாய்.
ஏழு முள் சாக்கெட்.
இரண்டு முனையிலும் பத்து ஆம்பியர் ஃபியூஸ்.
பில்லில் விரல் வைத்தார் தேவசகாயம்:
"டயோடு எண்பது ரூபா. இது எதுக்கு?"
சொல்லப்போனால்
கன்வெர்ட்டரே பெரும்பாலும் தடுத்துவிடும்.
"அது இல்லாம ஓடாது சார்" என்றேன்.
இருபது வருஷத் தொழிலில்
பில்லுக்காக நான் சொல்லாத பொய்.

மழை முடிந்த பிறகு ஒரு நாள்
கேட்டில் ஆல்டோ நின்றது. மட்டும்.
முன் பம்பரில் தண்டு மாட்டும் கொக்கி துருப்பிடித்திருந்தது.

"பஸ்ஸு?"
"பழவேற்காட்டுல. ஏரிப் பக்கம்."
"சாரு?"
"தூங்குறாரு.
பத்து ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு குடுங்க.
போவல, கையில இருக்கட்டும்."

ஐந்து ரூபாய் கொடுத்தார்.
பின் சீட்டில் ஒரு பெட்டி. மீன் கூடையாகவும் இருக்கலாம்,
மேலே துண்டு போட்டிருந்தது.

இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்,
ரேடியோ மட்டும் ஓட.
இரண்டு ரயில் போனது.
கேட் தூக்கியதும் பின்னாலிருந்து எல்லோரும் அலறினார்கள்.
சாவியைத் திருப்பினார்.
முதல் அடியிலேயே பிடித்தது.

தண்டவாளம் தாண்டி
எந்தப் பக்கம் திரும்பினார் என்று பார்த்தேன்.
குறுக்கே ஒரு கன்டெய்னர் லாரி.